கோட்டை அருங்காட்சியகத்துக்கு நாள் பார்த்துப் போங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சென்னை வருகிறவர்கள் மெரினா, மாமல்லபுரம், தி.நகர் என்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் பலருடைய பட்டியலில் வருவதே இல்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் வருகிறவர்கள் அதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் படை வரலாற்றோடு ஒட்டிய பெரிய நாள்கள் அந்த இரண்டு மாதத்தில்தான் வருகின்றன.

முதலில் ஜூலை 10, வேலூர். 1806இல் அன்று விடியும் முன்பே கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கும்பினியை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை, எதிர்த்து எழுந்தார்கள். நெற்றியில் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் போடக்கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் அவர்களைக் கொதிக்கவைத்திருந்தன. அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தின் கொடியையும் ஏற்றிவிட்டார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் அடக்கினார். பிடிபட்ட பலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1857க்கு அரை நூற்றாண்டு முந்தைய இந்தக் கதை வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆண்டுதோறும் அன்று காலை மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத்தூணுக்கு மலர்வளையம் வைத்து மரியாதை செய்வார்கள். கனடாவில் பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும், அதனால் அங்கிருந்து வருகிறவர்களுக்கு நாள் ஒத்துவரும். லண்டன்காரர்களுக்குச் சிரமம்தான். காட்பாடிக்கு ரயிலில் போய், ஆட்டோ பிடித்தால் கோட்டை. தூணைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஜூலை 10 வெள்ளிக்கிழமையாக வந்தால் அது மூடியிருக்கும்.

இலங்கைத் தமிழர்களுக்கு வேலூரில் இன்னொரு காரணமும் உண்டு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் இந்தக் கோட்டையில்தான் சிறைவைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்துமண்டபத்தில் அவன் சமாதி இருக்கிறது. அதையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

அப்புறம் ஆகஸ்ட் 15. காலையில் முதலமைச்சர் சென்னைக் கோட்டைக் கொத்தளத்தில் கொடி ஏற்றுவார், அணிவகுப்பு நடக்கும். ராஜாஜி சாலைப் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், ஆகவே முந்தைய நாள் செய்தித்தாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அருங்காட்சியகத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று இதே கோட்டையில் ஏறிய கொடி அங்கே இருக்கிறது. 12 அடிக்கு 8 அடி, பட்டுத்துணி. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வாள், துப்பாக்கி, சீருடை, பதக்கம் எல்லாம் உண்டு. பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவது ஒரு மரக்கூண்டு. 1840இல் சீனாவில் பிடிபட்ட மதராஸ் பீரங்கிப்படை கேப்டன் ஆன்ஸ்ட்ரதரை அடைத்து வைத்திருந்த கூண்டு அது. ஒரு ஆள் காலை நீட்டவே முடியாது.

ஆகஸ்ட் 22 சென்னை தினம். அதையொட்டிய வாரங்களில் வரலாற்று ஆர்வலர்கள் நடைப்பயணங்கள் நடத்துவார்கள், கோட்டையைச் சுற்றியும் நடக்கும். தெரிந்தவர் கூட வந்தால் கற்சுவர்கூடப் பேசும், தனியாகப் போவதைவிட இதுவே மேல். நடக்கிற தூரத்தில் உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. மற்ற மாதங்களில் வருகிறவர்கள் உலக மரபு நாளான ஏப்ரல் 18ஐயும் நவம்பர் 19இல் தொடங்கும் மரபு வாரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறை அப்போது கண்காட்சிகள் வைக்கும்.

சென்னைக் கோட்டை அருங்காட்சியகக் கட்டணம் பற்றி ஒரு விஷயம். வெளிநாட்டவருக்கு டிக்கெட் விலை பல மடங்கு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியருக்கான கட்டணமே போதும், இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அப்படியே. அசலைக் கையில் கொண்டுபோங்கள். அதே வளாகத்தில் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, பெரிய பையைத் தவிர்ப்பது நல்லது. கைபேசியில் பணம் செலுத்தும் யூபிஐ வசதி இல்லாதவர்கள் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் வெள்ளிக்கிழமை விடுமுறை.