3டி படம்: சொல்வதில், எடுப்பதில், காட்டுவதில் நடக்கும் தவறுகள்

3டி சினிமாவின் கதை எங்கே வந்தாலும் கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் வரும். அரங்கு நிறையக் கூட்டம், கோட்டும் டையுமாக ஆட்கள், அத்தனை முகத்திலும் அட்டைக் கண்ணாடி. 1952 நவம்பர் 26 அன்று ஹாலிவுட்டில் ‘புவானா டெவில்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது லைஃப் பத்திரிகைக்காக ஜே. ஆர். ஐயர்மன் எடுத்த படம் அது. கீழே அடிக்கடி “சிவப்பு நீலக் கண்ணாடியுடன் ரசிகர்கள்” என்று குறிப்பு போட்டிருப்பார்கள். அங்கேயே முதல் தவறு. அந்தக் கண்ணாடியில் சிவப்பும் கிடையாது, நீலமும் கிடையாது. லேசான சாம்பல் நிறத்தில் போலராய்டு தாள்தான்; ஒளியை அதன் அதிர்வுத் திசையை வைத்து வடிகட்டுவது. யோசித்தால் புரியும்: அது வண்ணப் படம். ஒரு கண்ணுக்குச் சிவப்பையும் மறு கண்ணுக்கு நீலத்தையும் மாட்டிவிட்டு வண்ணப் படத்தை ஒழுங்காகக் காட்ட முடியாது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. நிறத்தை வைத்து இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் காட்டும் முறை (அனாகிளிஃப் என்பார்கள்) உண்மையிலேயே பழையதுதான். 1922-ல் லாஸ் ஏஞ்சலஸில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய முதல் 3டி முழுநீளப் படம், ‘தி பவர் ஆஃப் லவ்’, சிவப்பு பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்க்கப்பட்டது. 1953-ல் வெளிவந்த 3டி காமிக்ஸ் புத்தகங்களுக்கும் வண்ணக் கண்ணாடிதான். பிறகு 1950-களின் படங்கள் சிலவற்றை மறுவெளியீடு செய்தபோது, செலவைக் குறைக்க இந்த முறைக்கு மாற்றினார்கள். அப்போது பார்த்தவர்கள் அசலும் அப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

3டி 1950-களில் பிறந்தது என்பதும் இதே வகைத் தவறு. சார்லஸ் வீட்ஸ்டன் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பை விளக்கியது 1838-ல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அதாவது புகைப்படம் உலகுக்குத் தெரியும் முன்பே 3டி வந்துவிட்டது. அவர் கோட்டோவியங்களை வைத்தே வேலையை முடித்துக்கொண்டார். 3டி டிவிகளுக்குப் பயன்பட்ட மின்னித் திறந்து மூடும் கண்ணாடியும் புதிய சங்கதி இல்லை. 1922 டிசம்பரில் நியூயார்க்கில் லாரன்ஸ் ஹம்மண்ட் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு சுழலும் ஷட்டரைப் பொருத்தி, இடக்கண், வலக்கண் என்று மாற்றி மாற்றிக் காட்டினார். பிற்பாடு ஹம்மண்ட் ஆர்கன் என்ற இசைக்கருவியைச் செய்தாரே, அதே ஆள்தான்.

அடுத்து, 1950-களின் 3டி அலை ஏன் இரண்டே ஆண்டில் ஓய்ந்தது என்ற கேள்வி. “மக்களுக்குச் சலித்துவிட்டது” என்பது எளிதான பதில். சலிப்பும் இருந்திருக்கும், அதே 1953-ல் கண்ணாடியே தேவைப்படாத சினிமாஸ்கோப்பும் வந்துவிட்டது. ஆனால் புரொஜெக்டர் அறையைப் பார்க்காமல் இந்தக் கதையை முடிக்கக்கூடாது. அன்று இடக்கண்ணுக்கு ஒரு புரொஜெக்டர், வலக்கண்ணுக்கு ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ஃப்ரேமில் ஓட வேண்டும். ரீல் மாற்ற மூன்றாவது இயந்திரம் இல்லாததால் சின்னப் படத்துக்கும் நடுவில் இடைவேளை விட்டார்கள். ஒரு பக்கத்துப் பிலிம் அறுந்து, ஆபரேட்டர் நாலு ஃப்ரேமை வெட்டி ஒட்டிவிட்டு, மறு பிரதியில் அதே நாலு ஃப்ரேமை வெட்ட மறந்தால் போதும். அதிலிருந்து ரீல் முடியும்வரை இடக்கண் பார்ப்பது ஒரு நொடியின் ஆறில் ஒரு பங்கு முந்தியது, வலக்கண் பார்ப்பது பிந்தியது. பக்கவாட்டில் ஓடுகிறவன் இல்லாத ஆழத்துக்குப் போவான். மேலே எறிந்த பந்து ஒரு கண்ணுக்கு மேலேயும் மறு கண்ணுக்குக் கீழேயும் நிற்கும். தலைவலிக்கு வேறென்ன வேண்டும்?

சரி, எடுக்கும் இடத்துக்கு வருவோம். இங்கே எல்லாத் தவறும் ஓர் எண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது. பெரியவர்களின் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள தூரம், கணக்குக்காகச் சொன்னால், 65 மில்லிமீட்டர். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

இதைக் கேட்டதும் புதிதாக எடுப்பவர்கள் செய்வது, இரண்டு கேமராவையும் 65 மில்லிமீட்டர் தள்ளி நிரந்தரமாகப் பூட்டிவிடுவது. “கண் அப்படித்தானே இருக்கிறது?” என்பார்கள். கண் இருப்பது சரி. ஆனால் கண், தூரத்தை அருகே இழுக்கும் 100 எம்.எம். லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பார்த்ததை 10 மீட்டர் திரையில் போடுவதும் இல்லை. கேமரா இடைவெளியைக் கூட்டினால் ஆழம் கூடும், கூடவே உலகமும் சுருங்கும். வானிலிருந்து ஒரு மலையை, லென்ஸ்களைச் சில மீட்டர் தள்ளி வைத்து எடுத்தால் மலை மேஜைமேல் வைத்த மாதிரி பொம்மையாகத் தெரியும். மூளைக்கு அது, மலையளவு அகன்ற தலை உள்ள ஒருவன் பார்வை. குறைத்தால் நேர்மாறு: எறும்பு யானையாகும். புகைப்படக்காரர்களிடம் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்குதான் இடைவெளி. ஒரு மீட்டரில் முகம் இருந்தால் சுமார் 33 மில்லிமீட்டர். பெரிய திரைக்கு என்றால் அதையும் பாதியாக்குவது நல்லது.

இதைவிட மோசமான தவறு மானிட்டரை நம்புவது. தூரத்துப் பின்னணிக்குத் திரையில் இடக்கண் உருவம் இடப்பக்கமும் வலக்கண் உருவம் வலப்பக்கமும் விலகி இருக்கும். இந்த விலகலைப் பேரலாக்ஸ் என்பார்கள். அது எவ்வளவு இருக்கலாம்? 65 மில்லிமீட்டர் இருந்தால் இரண்டு கண்ணின் பார்வையும் இணையாகப் போகும். முடிவிலியில் இருப்பதைப் பார்ப்பது போல. அதைத் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். பிறந்ததிலிருந்து கண் அந்த வேலையைச் செய்ததில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் அகல மானிட்டரில் பின்னணி விலகலை அகலத்தின் 2 சதவீதம் என்று வைத்தீர்கள். 20 மில்லிமீட்டர், கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது, எடிட்டிங் அறையில் எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். அதே படம் 10 மீட்டர் திரைக்குப் போனால் 2 சதவீதம் என்பது 200 மில்லிமீட்டர். கண் இடைவெளியைப்போல மூன்று மடங்கு! திரை பெரிதாகும், கண் பெரிதாகாது. 10 மீட்டர் திரையில் 2048 பிக்ஸல் என்றால் 65 மில்லிமீட்டர் என்பது வெறும் 13 பிக்ஸல். அந்தப் 13-க்குள் வானமும் மலையும் அடங்கியாக வேண்டும். எந்த அளவுத் திரையில் ஓடப்போகிறது என்று முடிவு செய்யாமல் 3டி எடுக்கத் தொடங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

ஈட்டியை நம் முன்னால் நீட்டும் காட்சிகளுக்கும் இதே சட்டம், வேறு வடிவத்தில். உருவங்கள் இடம் மாறி, இடக்கண் படம் வலப்பக்கம் 65 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், பொருள் உங்களுக்கும் திரைக்கும் சரி பாதியில் நிற்கும். 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு 5 மீட்டரில் ஈட்டி நிற்கும். 20 மீட்டரில் இருப்பவருக்கு 10 மீட்டரில் நிற்கும். ஆகவே “ஆழம் நன்றாகத் தெரியணும்னா முன்வரிசை” என்ற யோசனை தலைகீழ். பின்னால் போகப் போகத்தான் ஆழம் நீளும்.

இனி திரையின் விளிம்பு. அது ஒரு ஜன்னல் சட்டம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம், நம்மை நோக்கி வந்துவிட்ட ஒரு பொருளை, பின்னால் இருக்கும் சட்டம் வெட்ட முடியுமா? முடியாது. ஆனால் சாதாரணப் படத்தில் பழகிய கை, பேசுகிறவரின் தோளை ஓரத்தில் வைத்து எதிரில் இருப்பவரைக் காட்டும் ஷாட்டை அப்படியே 3டியிலும் வைக்கும். தோள் திரைக்கு முன்னால் மிதக்கிறது, விளிம்பு அதை அறுக்கிறது, மூளை எதை நம்புவது என்று திணறுகிறது. இடது வலது விளிம்புகளில்தான் தொல்லை அதிகம்; மேல் கீழ் விளிம்பை மூளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தோளைத் திரைக்குப் பின்னால் தள்ளலாம். அல்லது ஒரு கண்ணின் படத்தில் மட்டும் ஓரத்தில் மெல்லிய கறுப்புப் பட்டை போட்டு, ஜன்னலையே முன்னால் இழுத்து வரலாம். நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது.

எடிட்டிங்கில் ஒரே ஒரு விஷயம். முதல் ஷாட்டில் மூக்குக்கு முன்னால் ஒரு கத்தி, அடுத்த ஷாட்டில் அடிவானம் என்று வெட்டினால், கண்கள் குவிந்த இடத்திலிருந்து விரிந்து ஒன்றுசேர நேரம் எடுக்கும். அதற்குள் மூன்றாவது ஷாட் வந்துவிட்டால் ரசிகர் எதையுமே பார்க்கவில்லை. சண்டைக் காட்சியைச் சாதாரணப் படத்தின் வேகத்தில் நறுக்கக்கூடாது.

கருவி பற்றியும் கொஞ்சம். பெரிய கேமரா இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் லென்ஸ்கள் தேவையான அளவு நெருங்காது. அதனால் பாதி ஒளியை ஊடுருவவிட்டு மீதியைத் திருப்பும் ஆடி ஒன்றைச் சாய்த்து வைத்து, ஒரு கேமராவை நேராகவும் மற்றதை மேலோ கீழோ நிறுத்துவார்கள். ஆடி ஒளியில் பாதியைத் தின்னும். விளக்குத் திட்டத்தில் அதை மறந்தால் படம் இருட்டு. தண்ணீரும் கார் கண்ணாடியும் பளபளப்பதும் இரண்டு கேமராவுக்கும் வேறு வேறாகத் தெரியலாம். ஒரு கண்ணுக்கு மின்னி, மறு கண்ணுக்கு மின்னாத குளத்தைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

“அதெல்லாம் எதற்கு, சாதாரணமாக எடுத்துவிட்டுக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்” என்றும் சொல்வார்கள். மாற்றலாம்தான். ஆனால் ஒவ்வொரு உருவத்தையும் வெட்டி, அதன் ஆழத்தைத் தீர்மானித்து, அது நகர்ந்த இடத்தில் தெரியும் வெற்றிடத்தை வரைந்து நிரப்ப வேண்டும். 2010-ல் ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ படத்தைச் சில வாரங்களில் மாற்றி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2012-ல் ‘டைட்டானிக்’ படத்துக்கு ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு கெளரவமாக வந்தார்கள். முறையில் குற்றமில்லை, அவசரத்தில்தான்.

இரண்டு கண்ணும் தெரிந்தவர்தான் 3டி இயக்க முடியும் என்பதும் தவறு. 1953-ன் ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ படத்தை இயக்கிய ஆந்த்ரே டி டோத்துக்கு ஒரு கண்தான். தன் படத்தின் ஆழத்தை அவரால் பார்க்கவே முடியாது. அந்தக் காலத்தின் நல்ல 3டி என்று இன்றும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

திரையிடும்போது நடக்கும் பிழைகளில் முதலிடம் இருட்டுக்கு. சாதாரணப் படத்துக்கான திரை வெளிச்சத் தரம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). 3டியில், கண்ணாடியும் வடிகட்டியும் தின்றது போக, கண்ணுக்கு 4.5 வந்தாலே வழக்கமாகத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். பழைய விளக்கை மாற்றாமல் ஓட்டினால் அதுவும் கிடைக்காது. அப்புறம் திரை. போலரைஸ்டு ஒளி வெறும் வெள்ளைத் திரையில் பட்டால் அதன் அதிர்வுத் திசை கலைந்துபோய், ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குக் கசியும். உலோகப் பூச்சுள்ள திரை வேண்டும். நாம் சினிமாவுக்கே வெள்ளித்திரை என்று பேர் வைத்திருக்கிறோம். இங்கே அது வெறும் அடைமொழி இல்லை.

பார்ப்பவர்களுக்கும் ஒன்று. பழைய நேர்கோட்டுப் போலராய்டு கண்ணாடியோடு தலையைச் சாய்த்தால் உருவம் இரண்டாகக் கசியும். இப்போது பல அரங்குகளில் தரும் வட்டப் போலராய்டில் அந்தக் கசிவு இல்லை. அதனால் தோளில் சாய்ந்து பார்க்கலாம் என்று நினைக்கவேண்டாம்: படத்தின் விலகல் கிடைமட்டத்தில் இருக்கிறது, உங்கள் கண்கள் சாய்ந்திருக்கின்றன, கண் வலிக்கத்தான் செய்யும்.

தலைவலி 3டியோடு பிறந்தது என்று பொறுத்துக்கொள்வதும் வேண்டாம். கண்ணாடியைக் கழற்றித் திரையைப் பாருங்கள். உருவங்கள் பக்கவாட்டில் இரட்டையாக இருப்பது இயல்பு. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருந்தால் புரொஜெக்டரில் கோளாறு. தூரத்து மலை முன்னாலும் பக்கத்து ஆள் பள்ளத்திலும் இருப்பது போலத் தோன்றினால், கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். படம் உடனே சரியாகிவிட்டால் இடமும் வலமும் மாறி ஓடுகிறது. எழுந்துபோய் ஆபரேட்டரிடம் சொல்லலாம்.