சீசன் கடைசி எபிசோடு பாதி பிடித்து பாதி கசக்கிறதா? காரணத்தைப் பிரித்தெடுக்கும் முறை

அறிவியல் புனைவுத் தொடரின் சீசன் முடிந்ததும் "நல்லாத்தான் இருந்தது, ஆனா..." என்று இழுப்பது ரசிகர்களுக்குப் பழகிப்போன விஷயம். கடைசி எபிசோடு ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்க்கிறது. சீசன் முழுக்கப் போட்ட முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும், கதையுலகின் விதிகளை மீறக் கூடாது, பாத்திரங்களை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அடுத்த சீசனுக்கும் ஆள் பிடிக்க வேண்டும். இரண்டில் தேறி இரண்டில் கோட்டை விட்டால் மனசு இரண்டுபடும். பத்துக்கு இத்தனை என்று மொத்தமாக மார்க் போட்டால் அந்தக் குழப்பம் தீராது. நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பார்த்து முடித்ததும் மற்றவர்கள் கருத்தைப் படிப்பதற்கு முன்பே ஐந்து வரி எழுதிவிடுங்கள். எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே கை போனைத் தேடியது, அவ்வளவு போதும். காரணம் எழுத வேண்டாம். நாலு பேர் திட்டியதைப் படித்துவிட்டால் உங்களுக்கு உண்மையில் எது உறுத்தியது என்பதே மறந்துபோகும்.

இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். அதற்கு முன், முதல் இரண்டு எபிசோடுகளையும் கடைசிக்கு முந்தையதையும் ஓட்டிப் பார்த்து, தொடர் எழுப்பிய கேள்விகளைப் பட்டியல் போடுங்கள். ஒரு பாத்திரம் வாய்விட்டுக் கேட்டது, 'முன்கதைச் சுருக்க'த்தில் திரும்பத் திரும்பக் காட்டியது, இவை மட்டுமே தொடர் கொடுத்த வாக்கு. ரசிகர்கள் கட்டிய தியரிகளை வேறு தாளில் எழுதுங்கள். ஏமாற்றத்தின் பெரும்பங்கு அந்த இரண்டாம் தாளில்தான் கிடக்கும். வாரம் ஒன்றாக வரும் தொடரில் இது இன்னும் அதிகம். இடையில் கிடைக்கும் ஏழு நாளும் ஊகம் வளர்வதற்கான நாள்தானே.

2016-இல் வந்த 'வெஸ்ட்வேர்ல்ட்' முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள் (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்). வெவ்வேறு காலத்தில் வரும் வயதான கறுப்பு உடைக்காரரும் இளைஞன் வில்லியமும் ஒரே ஆள்தான் என்பதைப் பல ரசிகர்கள் வாரக்கணக்கில் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசி எபிசோடு அதை உறுதி செய்தபோது அவர்களுக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. அது எழுத்தின் குறையா? இல்லை. துப்புகளை ஒளிக்காமல் வைத்திருந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ட்விஸ்ட் முன்பே தெரிந்த நிலையிலும் அந்தக் காட்சி கனக்கிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

அடுத்து, விதிகள். ஒளியைவிட வேகமாகப் போவது சாத்தியமா என்று இங்கே கேட்பதில் பயனில்லை. அதை முதல் எபிசோடிலேயே ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்தோம். சிக்கலைத் தீர்த்த கருவியோ சக்தியோ முதலில் எந்த எபிசோடில் வந்தது, அதற்கு என்ன வரம்பு, என்ன விலை சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் புதிதாக முளைத்திருந்தால் அது ஏமாற்று. முன்பே வந்திருந்து, சொன்ன விலையை மட்டும் இப்போது யாரும் கொடுக்கவில்லை என்றால் அது இன்னும் மோசம். "எங்கேயோ இடிக்குது" என்று தோன்றும் இடங்களைத் தோண்டினால் பெரும்பாலும் இதுதான் அகப்படும்.

சில சமயம் ஒரே தொடர் இரண்டு வாக்குகள் கொடுத்திருக்கும். 2009-இல் முடிந்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' அப்படித்தான். போர், அரசியல் என்று பார்த்தவர்களுக்கு முடிவில் தெய்வச் செயல் வந்தது எரிச்சல். ஆனால் தீர்க்கதரிசனமும் கடவுள் பேச்சும் முதல் சீசனிலிருந்தே இருந்தன. அதனால் விதியை மீறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. உங்களுக்குப் பிடித்த வாக்கைக் குறைவாகக் காப்பாற்றினார்கள் என்று சொல்லலாம்.

பாத்திரங்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. உங்களை உருக்கிய காட்சியை ஒலியை அணைத்து, சப்டைட்டிலோடு மட்டும் பாருங்கள். அப்போதும் தொண்டை அடைத்தால் எழுத்தும் நடிப்பும் வேலை செய்கின்றன. சப்பென்று இருந்தால் உருக்கியது பின்னணி இசை.

அந்தரத்தில் விட்டு முடிப்பதையே குற்றமாக எண்ண வேண்டாம். 1990 ஜூனில் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மூன்றாம் சீசன் முடிந்தபோது, எதிரிகள் பிடித்து உருமாற்றிய கேப்டன் பிக்கார்ட் இருக்கும் விண்கப்பலைச் சுடச் சொல்லி அவருக்கு அடுத்த நிலை அதிகாரியான ரைக்கர் ஆணையிடுகிறார், திரை இருண்டுவிடுகிறது. என்ன ஆயிற்று என்று தெரிய செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த எபிசோடு அரைகுறையாகத் தெரியாது. கேப்டனின் நிழலிலிருந்து ரைக்கர் வெளியே வருவாரா என்ற கேள்விக்கு அந்த ஓர் ஆணையிலேயே பதில் கிடைத்துவிட்டது. சம்பவம் திறந்திருக்கலாம், குறைந்தது ஒரு பெரிய கேள்வியாவது மூடியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் திறந்தே விட்டால் அது அடுத்த சீசனுக்கான விளம்பரம்.

தயாரிப்புச் சிக்கல்களைத் தெரிந்துகொள்வது நல்லது, ஆனால் அதற்காகத் தீர்ப்பை மாற்றாதீர்கள். இதே தொடரின் இரண்டாம் சீசன் 1989-இல் பழைய காட்சிகளை ஒட்டுப்போட்ட எபிசோடோடு முடிந்தது. பணமும் நேரமும் தட்டுப்பட்டதே காரணம். காரணம் புரிகிறது, எபிசோடு தேறவில்லை.

விமர்சனம் எழுத உட்காரும்போது முதல் வரியில் ஸ்பாய்லர் எச்சரிக்கை. பிறகு "இது நல்லது, அது கெட்டது" என்று அடுக்காமல் இரண்டையும் காரணத்தால் இணையுங்கள்: "பிரிவுக் காட்சிக்கு இருபது நிமிடம் கொடுத்ததால்தான் வில்லனின் திட்டம் இரண்டு வசனத்தில் முடிந்தது" என்பது போல. நடுவில் தொய்ந்த எபிசோடுகளின் பழியைக் கடைசி எபிசோடின் தலையில் போடாதீர்கள். பத்தில் ஏழாவது இழுத்தது என்றால் ஏழாவது என்றே எழுதுங்கள்.

கேள்விப் பட்டியலைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த சீசனின் முதல் இரண்டு எபிசோடுகள் வந்ததும் எடுத்து, எவற்றுக்குப் பதில் வந்தது, எவற்றை ஓசைப்படாமல் கைவிட்டார்கள் என்று குறியுங்கள். கருத்து மாறியிருந்தால் பழையதை அடிக்காமல் கீழே புதுத் தேதி போட்டு எழுதுங்கள்.