சாகித்திய அகாதெமியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் எழுத்தாளருக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதும்போதும், விழா மேடையில் அவரை அறிமுகம் செய்யும்போதும், நூலின் பின்னட்டைக்கு வாசகம் அமைக்கும்போதும் சாகித்திய அகாதெமியின் பெயரைச் சொல்லாமல் நம்மால் இருக்க முடிவதில்லை. அப்படிச் சொல்லும் இடங்களில் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அச்சில் ஏறிய பிழை அடுத்து எழுதுபவருக்கு ஆதாரமாகிவிடும் என்பதால், அவற்றைத் தொடக்கத்திலேயே களைவது நல்லது.

மிகுதியாக நேரும் தவறு, எழுத்தாளரின் புகழ்பெற்ற நூலுக்கே விருது கிடைத்திருக்கும் என்று நாமாக முடிவு செய்துவிடுவது. தி. ஜானகிராமன் என்றால் ‘மோகமுள்’ நினைவுக்கு வருகிறது. ஆனால் 1979இல் அவருக்கு விருது பெற்றுத் தந்தது ‘சக்தி வைத்தியம்’ என்ற சிறுகதைத் தொகுப்பு. கி. ராஜநாராயணனுக்கு 1991இல் விருது கிடைத்தது ‘கோபல்ல கிராமம்’ நாவலுக்கு அன்று, அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு. இவ்விரண்டு பெயர்களையும் மாற்றி எழுதாத கட்டுரையைக் காண்பதே அரிது. கவிஞராகவே நாம் போற்றும் பாரதிதாசனுக்கு 1969ஆம் ஆண்டுக்கான விருது ‘பிசிராந்தையார்’ என்ற நாடகத்துக்காக வழங்கப்பட்டது. அவர் 1964லேயே மறைந்துவிட்டார். இந்த விருது ஒருவருடைய வாழ்நாள் சாதனைக்கு அளிக்கப்படும் பட்டமன்று. விருது ஆண்டுக்கு முந்தைய குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் முதற்பதிப்பாக வெளிவந்த நூல்களுள் ஒன்றுக்கு அளிக்கப்படுவது. ஆகவே, பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்து வாசகர் மனத்தில் நிலைத்துவிட்ட படைப்பு, ஆசிரியருடைய முறை வரும்போது கணக்கிலேயே இருக்காது.

இந்தக் குழப்பத்துக்கு நம் வாக்கிய அமைப்பும் ஒரு காரணம். ‘சாகித்திய அகாதெமி விருது பெற்ற தி. ஜானகிராமனின் மோகமுள்’ என்று எழுதினால், ‘பெற்ற’ என்னும் பெயரெச்சம் ஆசிரியரையும் தழுவலாம், நாவலையும் தழுவலாம். படிப்பவர் நாவலோடு சேர்த்துத்தான் படிப்பார். ‘சக்தி வைத்தியம் நூலுக்காக 1979இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தி. ஜானகிராமன் எழுதிய நாவல் மோகமுள்’ என்பது சற்று நீளம்தான். ஆனால் அதில் ஐயத்துக்கு இடமில்லை. பின்னட்டையில் ஒரு வரி கூடினால் குறைந்துபோவது எதுவுமில்லை.

அடுத்தது ஞானபீடத்தோடு சேர்த்துக் குழப்புவது. சாகித்திய அகாதெமி இந்திய அரசால் 1954 மார்ச் 12 அன்று தொடங்கி வைக்கப்பட்ட தன்னாட்சி அமைப்பு. அதன் முதல் தலைவர் ஜவாஹர்லால் நேரு. ஞானபீட விருதை வழங்குவதோ பாரதிய ஞானபீடம் என்ற தனியார் அறக்கட்டளை. அகிலன் இரண்டையும் பெற்றவர்: அகாதெமி விருது 1963இல் ‘வேங்கையின் மைந்தன்’ நாவலுக்கு, ஞானபீடம் 1975இல் ‘சித்திரப்பாவை’ நாவலுக்கு. ஜெயகாந்தனுக்கு 1972இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலுக்காக அகாதெமி விருது கிடைத்தது. அவருடைய ஞானபீடம் 2002ஆம் ஆண்டுக்கானது. எந்த ஆண்டுக்கான விருது என்பதும் எந்த ஆண்டில் கையில் தரப்பட்டது என்பதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ‘ஆண்டுக்கான’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினால் இந்தச் சிக்கல் எழாது.

அகாதெமி வழங்கும் சிறப்புகள் அனைத்தையும் ஒரே பெயரால் குறிப்பதும் சரியன்று. 1989 முதல் வழங்கப்படும் மொழிபெயர்ப்புப் பரிசு மொழிபெயர்த்தவருக்கு உரியது. மூல நூலின் ஆசிரியருக்கு அதை உரிமையாக்கி எழுதுவது, ஒருவருடைய உழைப்பை மற்றொருவர் கணக்கில் வைப்பதாகும். சிறார் எழுத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் 2010 முதலும், 35 வயதுக்கு உட்பட்டோருக்கான யுவ புரஸ்கார் 2011 முதலும் தனித்தனியே வழங்கப்படுகின்றன. ‘பெல்லோஷிப்’ என்பதை ‘உறுப்பினர்’ என்று மொழிபெயர்ப்பது இன்னும் பெரிய பிழை. பொதுக்குழு உறுப்பினர் என்பது நிர்வாகப் பொறுப்பு. பெல்லோஷிப்போ அகாதெமி தரும் உச்ச மதிப்பு, ஒரே நேரத்தில் வாழ்ந்துகொண்டிருப்பவர்களில் 21 பேருக்கு மேல் அதைப் பெற்றிருக்க முடியாது.

நாவலுக்கும் சிறுகதைக்கும் மட்டுமே விருது என்ற எண்ணமும் உண்மைக்குப் பொருந்தாது. 1978இல் வல்லிக்கண்ணனின் ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’, 1983இல் தொ.மு.சி. ரகுநாதனின் ‘பாரதி: காலமும் கருத்தும்’ என ஆய்வும் திறனாய்வும் அந்த வரிசையில் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் விருது கட்டாயம் அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தமிழுக்கு 1957, 1959, 1960, 1964, 1976 ஆகிய ஆண்டுகளில் விருது வழங்கப்படவில்லை. பட்டியலில் காணும் இடைவெளியை அச்சுப்பிழை என்று கருதி யாரும் நிரப்பிவிடக் கூடாது.

மொழிகளின் எண்ணிக்கையை 22 என்று எழுதுபவர்கள் பலர். அது அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளின் எண்ணிக்கை. அகாதெமி அவற்றோடு ஆங்கிலத்தையும் ராஜஸ்தானியையும் சேர்த்து 24 மொழிகளை ஏற்றுள்ளது. மைதிலியும் டோக்ரியும் 2003ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால்தான் அட்டவணைக்குள் வந்தன. அகாதெமியோ அவ்விரண்டையும் 1960களிலேயே இலக்கிய மொழிகளாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்கப்படாத மொழிகளில் பணியாற்றியவர்களுக்காக 1996இல் பாஷா சம்மான் தொடங்கப்பட்டது.

இத்தனை தவறுகளுக்கும் அடியில் இருப்பது, அகாதெமி என்றால் விருது மட்டுமே என்ற எண்ணம். தமிழ் வாசகருக்கு அதனால் கிடைத்த பெரும் பயன் வேறிடத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். மலையாளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளை எழுதிய ‘செம்மீன்’ 1957இல் அகாதெமி விருது பெற்றது. அதைச் சுந்தர ராமசாமி தமிழில் பெயர்க்க, அகாதெமியே நூலாக வெளியிட்டது. சுந்தர ராமசாமிக்கு அகாதெமியின் தமிழ் விருது கடைசிவரை வழங்கப்படவில்லை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும், அவருடைய தமிழில் கறுத்தம்மாவையும் பரீக்குட்டியையும் அறிந்துகொண்ட வாசகர்களுக்கு அந்த நூலைக் கொண்டுவந்து சேர்த்ததும் இதே அகாதெமிதான்.