லேபர் வார்டில் அவசரத்தில் செய்கிற தவறுகள்

முதல்முறை லேபர் வார்டு டியூட்டிக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். இங்கே தெரியாமல் நடக்கிற தவறைவிட அவசரத்தில் நடக்கிற தவறுதான் அதிகம். பக்கத்து டேபிளில் இன்னொருத்தி, வாசலில் ஸ்ட்ரெச்சர், டியூட்டி முடிய அரை மணி நேரம், அதனால் நம் கையும் வாயும் முந்திக்கொள்கின்றன.

உதாரணம், "முக்கும்மா, நல்லா முக்கு!" கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. முழுதாகத் திறக்கும் முன்பே முக்கச் சொன்னால் வாய்ப்பகுதி வீங்கும், தாயும் களைத்துப்போவாள், கடைசியில் உண்மையாகவே முக்க வேண்டிய நேரத்தில் அவளிடம் பலம் இருக்காது. அப்புறம் யாராவது மேலே நின்று வயிற்றை அழுத்துவார்கள். இதைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கர்ப்பப்பை கிழிகிற ஆபத்து இருக்கிறது, "பழக்கமான கை" என்பதெல்லாம் சமாதானம் ஆகாது.

"மணிக்கு 1 செ.மீ. திறக்கணும்" என்று படித்துத்தான் நாங்களும் வந்தோம். அதே 2018 வழிகாட்டுதல், தீவிர வலிக்கட்டம், அதாவது வாய் வேகமாகத் திறக்கிற கட்டம், 5 செ.மீ.யில்தான் தொடங்குகிறது என்கிறது. தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்போது, வேகம் குறைவு என்பதற்காக மட்டும் வலியைக் கூட்டும் மருந்து டிரிப்பைக் கூட்ட வேண்டியதில்லை. ஆளாளுக்கு வந்து பி.வி. (வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கைவிட்டுப் பார்க்கும் உள்பரிசோதனை) பார்ப்பதும் வேண்டாம். சாதாரணமாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும், கூடுதலாகப் பார்க்கப் பார்க்கத் தொற்றுதான் கூடும். மாறாக, குழந்தையின் துடிப்பை எத்தனை முறை கேட்டாலும் தப்பில்லை. முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, வலி விட்டபிறகும் ஒரு நிமிடம் காதை வைத்திருங்கள்.

பிரசவம் எப்படிப் போகிறது என்று அவ்வப்போது கோடு போட்டுக் குறிக்க வேண்டிய தாள்தான் பார்ட்டோகிராம். பிரசவம் முடிந்தபின் உட்கார்ந்து அதைப் போடுகிற பழக்கம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கோடு அழகாக இருக்கும், யாருக்கும் பயன் இருக்காது. பிரசவம் தடைபடுகிறது என்று நேரத்தோடு நமக்குக் காட்டத்தான் அந்தத் தாள்.

சரி, உயிர் போகிற இடத்துக்கு வருவோம். குழந்தை பிறந்ததும் எல்லோர் கண்ணும் குழந்தைமேல் போய்விடும், தாயின் ரத்தம் மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். "நார்மல் பிளீடிங்தான்" என்று கண்ணளவில் எழுதுவதுதான் நம் வார்டுகளில் நடக்கிற மிகப் பெரிய தவறு என்பேன். துணியிலும் டேபிளுக்கு அடியிலும் போனதைக் கண் குறைத்தே மதிப்பிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்து, தேவையான சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் சேர்த்தே உடனே தொடங்கியபோது, கடுமையான ரத்தப்போக்கு போன்ற மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. விரிப்பு இல்லையா, நனைந்த துணியை எடை போடுங்கள். காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், 1 கிராம் ஏறக்குறைய 1 மி.லி.

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் ஊசியை 10 யூனிட் தசையில் போடுங்கள். ஊசி போட்டாயிற்று என்று நகர்ந்துவிடாதீர்கள். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தொப்புளருகே கை வைத்தால் கர்ப்பப்பை கிரிக்கெட் பந்துபோலக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். மெத்தென்று இருந்தால் உடனே தடவிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள், நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை சுருங்காது. இன்னொன்று, பி.பி. நன்றாக இருக்கிறதே என்று நம்பி உட்காராதீர்கள். இளம் உடம்பு கடைசிவரை பி.பி.யைத் தாங்கிப்பிடிக்கும், நாடித்துடிப்புதான் முதலில் ஏறும். ஹீமோகுளோபின் 8 மட்டுமே உள்ள ரத்தசோகைக்காரிக்கு, மற்றவர்கள் தாங்குகிற ரத்த இழப்பே ஆபத்தாகிவிடும்.

வலியில் கத்துகிறவளிடம் நாம் பேசுகிற பேச்சைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நான் பயிற்சி எடுத்த இடத்தில் ஒரு சீனியர் திட்டிய திட்டில் ஒரு பெண் வாயே திறக்காமல் கிடந்தாள், தலை தெரிந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004இலேயே பிரசவத்தின்போது பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் திட்டம் வந்துவிட்டது. அந்த அம்மாவையோ அக்காவையோ "ஓரமா நில்லுங்க" என்று விரட்டாமல் முதுகைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், உங்களுக்கும் ஒரு கை கூடும்.

கடைசியாக, சொல்லிக்கொடுப்பதில் நடக்கிற தவறு. வீட்டுக்குப் போக ஆட்டோ வந்து நிற்கும்போது, மருந்துச் சீட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பிப்போம். அவள் தலையாட்டுவாள். வீட்டில் முடிவெடுப்பது பாட்டியோ மாமியாரோ: சேனை வைக்க வேண்டும், சீம்பால் வேண்டாம், பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது. அதனால் முதல் நாளே அவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால், 6 மாதம் வரை வேறு எதுவும் வேண்டாம், தாய்க்குத் தாகத்துக்குத் தண்ணீர். துணி சீக்கிரம் சீக்கிரம் நனைந்தாலோ, காய்ச்சல், கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, மூச்சுத் திணறல் வந்தாலோ காத்திருக்காமல் 108. சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி தலை ரொம்ப வலிச்சா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "தைலம் தேய்ச்சுட்டுப் படுத்துக்குவோம்" என்று பதில் வந்தால், ஆட்டோவைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள்.