ஷெர்பாக்கள் சறுக்கும் இடங்கள்

உச்சி மாநாட்டில் தலைவர்கள் வரிசையாக நிற்கும் புகைப்படம் மறுநாள் நாளிதழில் வரும். அறிக்கையின் வரிகளுக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய தூதரை அதில் தேடினாலும் கிடைக்காது. பணக்கார நாடுகளின் ஜி7, பெரிய பொருளாதாரங்களின் ஜி20 வட்டாரங்களில் அவருக்கு ‘ஷெர்பா’ என்று பெயர். இமயமலை ஏறுபவர்களுக்குத் துணைபோகும் இன மக்களின் பெயரையே வைத்துவிட்டார்கள். இவர் சறுக்கினால் தலைவரும் சேர்ந்து சறுக்குவார்.

என் கணிப்பில் மிகப் பெரிய தவறு, எதிர்த் தரப்பை அலசி ஆராய்ந்துவிட்டுத் தன் தலைவரின் மனத்தைப் படிக்காமல் விடுவது. 2018 ஜூனில் கனடாவின் ஷார்லவுவாவில் ஜி7 கூட்டறிக்கை வெளியானது. அங்கிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானத்திலிருந்தே, அதை ஆதரிக்க வேண்டாம் எனத் தன் பிரதிநிதிகளுக்குச் சொல்லிவிட்டதாக டிரம்ப் ட்வீட் போட்டார். இரவெல்லாம் விழித்துச் செதுக்கிய வாசகங்களின் கதி அவ்வளவுதான். அடுத்த ஆண்டு பிரான்ஸின் பியாரிட்ஸில் அந்நாட்டு அதிபர் மக்ரோன் வழக்கமான நீண்ட அறிக்கையையே கைவிட்டார். ஒரே பக்கத்தோடு மாநாடு முடிந்தது. பக்கங்களைப் பெருக்குவதுதான் சாதனை என்று நினைக்கும் தூதர்கள் இதைக் கவனிக்கலாம்.

சென்ற ஆண்டு ஒப்புக்கொண்ட வாசகம் இந்த ஆண்டும் செல்லும் என்று நம்பி உட்காருவது இன்னொரு தவறு. உக்ரைன் போர் பற்றி 2022 நவம்பரில் பாலி ஜி20 மாநாட்டில் எல்லோரும் ஏற்ற பத்திகளை, 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் கூடிய ஜி20 நிதியமைச்சர்கள் கூட்டத்தில் ரஷ்யாவும் சீனாவும் ஏற்க மறுத்தன. கூட்டறிக்கை வரவில்லை, தலைமை நாட்டின் தொகுப்புரைதான் வந்தது.

உடன்பாடு எட்டாத சொற்களை வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பது வழக்கம். முள்ளாகக் குத்தும் அடைப்புகளை ‘தலைவர்கள் வந்து பேசித் தீர்க்கட்டும்’ என்று ஒதுக்கி வைப்பார்கள். தலைவர்களுக்கு அங்கே கிடைப்பதோ சில மணி நேரம். பெரிய அரங்கில் மட்டும் வாதாடுவதும் உதவாது. எல்லோர் முன்னிலையிலும் யாரும் இறங்கி வர மாட்டார்கள். பெங்களூரு அனுபவத்துக்குப் பிறகு அப்போதைய இந்திய ஷெர்பா அமிதாப் காந்தின் குழு என்ன செய்தது என்பதை அவரே கணக்குச் சொன்னார்: 200 மணி நேரத்துக்கும் மேலான பேச்சு, 300 இருதரப்புச் சந்திப்புகள், 15 வரைவுகள். புதுதில்லி அறிக்கை செப்டம்பர் 9 அன்று, மாநாட்டின் முதல் நாளிலேயே ஏற்கப்பட்டது.

ஜி20-இல் தலைவர்களின் தூதர்கள் நடத்தும் ஷெர்பா தடம், நிதியமைச்சர்களும் மத்திய வங்கித் தலைவர்களும் நடத்தும் நிதித் தடம் என இரண்டு உண்டு. ஒன்றுக்கொன்று பேசாமல் எழுதினால் ஒரே அறிக்கையில் இரண்டு குரல் கேட்கும்.

கடைசியாக, களைப்பில் ஒரு சொல்லைக் கோட்டைவிடுவது. ஆங்கிலத்தின் ‘ஷால்’, ‘ஷுட்’ இரண்டையும் தமிழில் ‘வேண்டும்’ என்றே எழுதிவிடுகிறோம். ஒப்பந்தத்தில் முன்னது கட்டாயம், பின்னது அறிவுரை. 2015 டிசம்பர் 12 அன்று பாரிஸ் பருவநிலை மாநாட்டின் இறுதி வரைவில், வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பு பற்றிய இடத்தில் ‘ஷால்’ நின்றுவிட்டது. அது அப்படியே போயிருந்தால் அமெரிக்க செனட்டின் ஒப்புதல் தேவைப்படலாம். அங்கே அது கிடைக்கும் வாய்ப்பு இல்லை. அரங்கமே காத்திருக்க, மூலைக்கு மூலை கிசுகிசுப்பு. பிறகு தொழில்நுட்பத் திருத்தங்களின் பட்டியலோடு பட்டியலாக ‘ஷுட்’ வாசிக்கப்பட்டது. யாரும் எதிர்ப்புச் சொல்வதற்குள் தலைமை வகித்த லோரான் ஃபாபியஸ் சுத்தியலைத் தட்டிவிட்டார்.