நாடக விளையாட்டு நடத்துகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

முதன்முதலில் ஒரு கல்லூரியில் நாடகப் பட்டறை நடத்தப் போனபோது சட்டைப் பையில் ஒரு சீட்டு வைத்திருந்தேன். அதில் 14 விளையாட்டுகள். மதியச் சாப்பாட்டுக்குள் 11 ஆடி முடித்தாயிற்று. பிள்ளைகள் ஓடினார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாப்பிட்டு வந்ததும் இரண்டிரண்டு பேராக முன்னால் வரச் சொல்லி, "வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது, மனசுல வர்றதைச் செய்யுங்க" என்றேன். பாதிப் பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒரு பையன் மட்டும் ஏதோ சினிமா வசனத்தை எடுத்துவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். காலையில் ஆடிய பதினொன்றில் ஒன்றுகூட மதியத்துக்கு உதவவில்லை.

கோளாறு அந்தச் சீட்டிலேயே இருந்தது. விளையாட்டு என்றால் தூக்கம் கலைக்க, கூச்சம் போக்க என்று நினைத்திருந்தேன். விளையாட்டு வழியாக நடிப்புச் சொல்லித்தரும் இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் சிகாகோவின் வயோலா ஸ்போலின் (1906–1994). ஹல் ஹவுஸ் என்ற சமூக நல மையத்தில் நீவா பாய்டிடம் குழு விளையாட்டுகளைக் கற்றவர். பிறகு 1930களின் கடைசியில், வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கும் நாடகம் சொல்லித்தரும் வேலையில் இறங்கினார். அவருடைய விளையாட்டு ஒவ்வொன்றிலும் கவனம் வைக்க ஒரே ஒரு விஷயம் இருக்கும். கவனம் அதில் ஒட்டிக்கொண்டால், 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற நினைப்பு தானாக விலகும். கூச்சமும் அப்போதுதான் போகும். நடத்துகிறவர் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி, விலகிப் போன அந்த நினைப்பைத் திரும்ப இழுத்து வந்து உட்காரவைப்பவைதான்.

கயிறு இழுக்கும் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அணி, நடுவில் கயிறு கிடையாது. இருப்பதாக வைத்து இழுக்க வேண்டும். முதல் தடவை என்ன நடக்கும்? இரண்டு பக்கமும் பின்னால் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார்கள், இரண்டு பக்கமுமே ஜெயிப்பார்கள். கயிறு ரப்பராகிவிட்டது! இங்கே 'இன்னும் நல்லா நடிங்க' என்று சொன்னீர்களானால் முகத்தை இன்னும் கொஞ்சம் கோணுவார்கள், அவ்வளவுதான். "கயிறு நீளாது, அந்தப் பக்கம் ஓரடி போனா இந்தப் பக்கம் ஓரடி வரணும்" என்று சொல்லுங்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "எவ்வளவு தடிமன்? ஈரமா இருக்கா?" என்று கேளுங்கள். கபடியில் கோட்டுக்கு வெளியே நிற்பவர் குரல் கொடுப்பாரே, அது மாதிரி. ஆடுகிறவர் திரும்பிப் பார்க்கவோ பதில் சொல்லவோ வேண்டாம். காதில் விழுந்தால் போதும்.

மூன்றாவது தடவை ஒரு பெண் தோற்று முன்னால் இழுபட்டு வந்தாள். ஆட்டம் முடிந்த பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துப் பாவாடையில் தேய்த்துக்கொண்டாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கேட்கிற கேள்வியிலும் சறுக்கல் உண்டு. 'எப்படி இருந்துச்சு?' என்றால் 'சூப்பர் சார்' என்று வரும். 'கயிறு தெரிஞ்சுதா? எந்த இடத்துல காணாம போச்சு?' என்று கேட்டால் பார்த்தவர்களும் வேலை செய்வார்கள், ஆடியவரும் தன்னைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள மாட்டார். பாராட்டிலும் கை சிக்கனமாக இருக்கட்டும். ஒருவரை 'பிரமாதம்' என்றதும் அடுத்த இருபது பேர் அவரைப் போலச் செய்ய ஆரம்பிப்பார்கள்.

தப்பு செய்தவரை 'அவுட்' என்று உட்காரவைக்கும் விளையாட்டுகளைக் கூடியவரை விட்டுவிடலாம். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவர்தான் முதலில் வெளியே போகிறார். நன்றாக ஆடுகிறவர் கடைசிவரை ஆடுகிறார். இதைவிட வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொண்டு 1 முதல் 20 வரை எண்ணும் ஆட்டம் மேல். வரிசை கிடையாது, யார் வேண்டுமானாலும் அடுத்த எண்ணைச் சொல்லலாம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. பதினேழில் இடித்துக்கொள்ளும்போது யார் காரணம் என்று நீங்கள் தேடாமல் இருந்தாலே போதும், அவர்களும் தேட மாட்டார்கள். லண்டனிலும் பிறகு கனடாவின் கால்கரியிலும் நாடகம் கற்பித்த கீத் ஜான்ஸ்டன் (1933–2023) புதிய வகுப்பில் தரையில் உட்கார்ந்துகொள்வார். 'நீங்கள் தோற்றால் பழி என்னுடையது' என்று முதலிலேயே சொல்லிவிடுவார். நம் ஊரில் வாத்தியார் தரையில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு முதலில் சங்கடம்தான். அப்புறம் பழகிவிடும்.

'காமெடியா பண்ணுங்க' என்பதைச் சொல்லவே வேண்டாம். சிரிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்த கணமே எதிரில் நிற்பவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். ஜான்ஸ்டன் மாணவர்களிடம் கேட்டதெல்லாம் புத்திசாலித்தனம் வேண்டாம், சட்டென்று தோன்றுவதைச் செய்யுங்கள் என்பதுதான். நமக்குச் சாதாரணமாகத் தோன்றுவது அடுத்தவருக்குப் புதிதாக இருக்கும்.

எதிராளி சொன்னதை ஏற்றுக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பது ஒத்திகை இல்லாமல் நடிக்கும் இந்தக் கலையின் அடிப்படைப் பாடம். 'அண்ணே, வண்டி பஞ்சர்' என்றால் 'வண்டியே இல்லையே' என்று சொல்லக் கூடாது. இதை விளையாடும் ஆளின் மீதே சட்டமாக ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடுவது பிடிக்காத பெண்ணிடம் 'ஏத்துக்கணும்மா, அதான் ரூல்' என்கிறார்கள். பாத்திரம் ஏற்றுக்கொள்கிறது, ஆள் எப்போது வேண்டுமானாலும் 'வேண்டாம்' என்று விலகலாம். இதைப் பட்டறையின் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். தொடாமல் ஆடும் விளையாட்டுகளுக்கும் பஞ்சமில்லை. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் (1931–2009) ஆடவைத்த ஒன்றில், ஒருவர் உள்ளங்கையை இன்னொருவர் முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடிப்பார். கை போகும் வழியெல்லாம் முகம் அதே இடைவெளியில் பின்தொடர வேண்டும்.

அடுத்தது, நம்மில் பலர் கவனிக்காத ஒன்று: ஆங்கிலத்தில் பிறந்த விளையாட்டை அப்படியே தமிழில் இறக்குவது. ஆளுக்கு ஒரு சொல்லாகக் கதை சொல்லும் ஆட்டம் நல்ல உதாரணம். ஆங்கிலத்தில் வினைச்சொல் சீக்கிரம் வந்துவிடும். தமிழில் 'பாட்டி – காக்காவுக்கு – வடையை' என்று மூன்று பேர் பாடுபட்டுக் கொண்டுவந்ததை நான்காவது ஆள் 'கொடுக்கவில்லை' என்று ஒரே சொல்லில் கவிழ்த்துவிடுவார். காலம், பால், ஆம், இல்லை எல்லாம் அவர் கையில். அதனால் சொல் சொல்லாக விடாமல், ஆளுக்கு ஒரு சின்ன வாக்கியமாக ஆடவைக்கிறேன். கதை ஓடுகிறது.

ஒத்திகை இல்லாமல் நடிப்பது என்றால் தயாரிப்பே வேண்டாம் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. நம் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டை (கதாநாயகன்) ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை (கதாநாயகி) இன்னொரு ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது, அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பு. ஆனாலும் வள்ளி திருமணத்தில் தர்க்கம் விடிய விடிய நடக்கிறதே, எப்படி? கதை, பாட்டு, எங்கே யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இருவருக்கும் தெரிந்திருக்கிறது. பட்டறையில் அந்த இடத்தை நிரப்ப நாம் கொடுப்பது ஒரே ஒரு கட்டுப்பாடு. 'எதை வேணா செய்' என்று விட்டால் கல்லூரியில் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

இப்போது ஒரு நாளைக்கு மூன்று விளையாட்டுக்கு மேல் எடுப்பதில்லை. மதியக் காட்சிக்குக் கட்டுப்பாடாக 'வா, வாங்க'வை வைத்துக்கொள்கிறேன். நீ, நீங்க, வாப்பா, வாங்கய்யா என்று யார் மேல் யார் கீழ் என்பதை நம் மொழி வாய் திறந்ததும் காட்டிவிடுகிறது. போன மாதம் ஒரு பட்டறையில் டீக்கடைக் காட்சி. கடைக்காரராக ஒரு பையன், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த வாடிக்கையாளராக இன்னொருவன். நடுவில் எங்காவது விளிப்பை மாற்ற வேண்டும், வேறு எந்த விதியும் இல்லை. "வாங்க சார், ஸ்ட்ராங்கா போடட்டுமா" என்று ஆரம்பித்தவன், மூன்றாவது டீயை நீட்டும்போது, "பழைய பாக்கி என்னப்பா ஆச்சு" என்றான். கால் மெல்லக் கீழே இறங்கியது.