கனமான சரக்கை ரயிலில் அனுப்பப் போகிறீர்களா?
நிலக்கரி, தாது, சிமென்ட் மாதிரி சரக்கு, ஆயிரம் டன்னுக்கு மேல், தூரமும் அதிகம் என்றால் பெரும்பாலும் ரயில்தான் கட்டுப்படியாகும். ஆனால் ரயில் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் இரு முனையிலும் லாரி வாடகை, ஏற்று இறக்குக்கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம் வேகன், அதாவது சரக்குப் பெட்டி. நிலக்கரிக்குத் திறந்தது போதும், சிமென்ட் மூட்டைக்கு மூடியது, பெரிய இயந்திரத்துக்குத் தட்டையானது. இயந்திரத்தின் உயர அகலத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், வழியில் சுரங்கப்பாதை இடம் கொடுக்க வேண்டுமே! எடையை ஒரே பக்கம் குவிக்காதீர்கள், ஒரு சக்கர அச்சுக்கு இத்தனை டன் என்று வரம்பு உண்டு. இரும்புச் சுருள் உருளும், இருபுறமும் ஆப்பு வைத்துச் சங்கிலியால் இறுக்குங்கள். முக்கியமாக, வேகன் வருமுன்பே இறக்க ஆளும் கிரேனும் தயாராக நிற்கட்டும்; இறக்கத் தரும் இலவச நேரம் தாண்டினால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறி, மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும்.